இரண்டாவது ஓட்டுநர்

நில்லுங்க்கா, நில்லுங்க. அந்தப் பேனாவ மொதல்ல கீழ வைங்க. நீங்க பாட்டுக்குக் கட்டம் கட்டமா டிக் அடிச்சுக்கிட்டே போறீங்களே, மூணாவது பக்கத்தத் திருப்பிப் பாத்தீங்களா? பாக்கல. யாரும் பாக்க மாட்டாங்க. எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்துல அடிச்சு வெச்சிருக்கறதே நாம பாக்கக் கூடாதுன்னுதானே? நான் பாத்தேன். பதினோரு பக்கம், அடிக்குறிப்பு உள்பட. பாத்து என்னத்தக் கிழிச்சேன்னு கேக்காதீங்க, அதத்தான் சொல்ல வர்றேன்.

சேச்சே, நான் இந்த வாடகைக் கார் ஆபீஸ்ல வேலை பாக்கறவ இல்ல. இப்படி ஒரு மூஞ்சிய வெச்சிருந்தா எந்தக் கவுண்டர்ல உக்கார வைப்பாங்க? நானும் உங்கள மாதிரி லீவுக்கு வந்தவதான். அம்மா, அப்பா, நான். அஞ்சு நாள். ஆமா, கொஞ்சம் முன்னாடி உள்ள கத்துனது நானேதான். வண்டி நிறுத்தற எடம் வரைக்கும் கேட்டுச்சா? நல்லது, கேக்கட்டும்.

அதோ அந்தக் கண்ணாடி ரூம்ல, கைப்பைய மடியில வெச்சுக்கிட்டு, முதுகு மட்டும் தெரியுது பாருங்க, அதான் எங்கம்மா. எதிர்ல டை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறது மேனேஜர். நானும் உள்ளதான் இருந்தேன். அவரு ஒண்ணு சொன்னா நான் நாலு சொன்னேன். அவரு மேஜைய லேசாத் தட்டினாரு. நான் லேசாத் தட்டல. அப்பதான் அம்மா திரும்பி, நீ கொஞ்சம் வெளிய உக்காருடி, நான் பேசிக்கறேன்னுட்டா. எங்கம்மாக்கா! டாக்ஸிக்காரர்கிட்ட மிச்சச் சில்லறை கேக்கறதுக்கே என் முழங்கையத் தட்டி, நீ கேளுடின்னு சொல்ற ஆளு. அவ பேசிக்கறாளாம்.

கவுண்டர்ல இப்போதைக்கு யாரும் வர மாட்டாங்க. உள்ள முடிஞ்சாத்தான் இங்க தொறப்பாங்க. நீங்க அந்த ஃபார்ம இப்படிக் காட்டுங்க, நான் சொல்லித் தர்றேன். சும்மா காட்டுங்க, தின்னுட மாட்டேன்.

இன்ஷூரன்ஸ் வாடகையிலயே சேந்திருக்குன்னு சொன்னாங்களா? சொல்வாங்க. பொய்யும் இல்ல அது. சேந்துதான் இருக்கு. ஆனா எதுக்குச் சேந்திருக்கு, எதுக்குச் சேரலன்னு நீங்கதான் தோண்டி எடுக்கணும். இங்க பாருங்க, ஒரு தொகை போட்டிருக்கா? வண்டிக்கு என்ன ஆனாலும் அந்தத் தொகை வரைக்கும் உங்க கையிலேருந்துதான் போகும். அதத் தாண்டினாத்தான் இன்ஷூரன்ஸ்காரன் வாயத் திறப்பான். அப்ப ஒரு சின்னக் கீறல், ஒரு சின்ன நசுங்கல், அதெல்லாம் யார் தலையில? நம்ம தலையில. அந்தத் தொகையக் கம்மி பண்ணணுமா, தினம் இவ்வளவு கூடக் குடுங்கம்பாங்க. அதக் குடுத்தாலும் கண்ணாடி சேராது. டயர் சேராது. வண்டிக்கு அடிவயிறு சேராது. கூரை சேராது. என்னைக் கேட்டா, ஸ்டியரிங்கும் ஹாரனும்தான் பாக்கி.

சிரிக்காதீங்க, இன்னும் இருக்கு. தார் போடாத ரோட்டுல ஏறினா செல்லாது. கடற்கரை மணல்ல எறக்கினா செல்லாது. தீவுக்கு வந்துட்டு மணல்ல எறக்காம மொட்டை மாடியிலயா எறக்குவாங்க? ஏதாவது ஆனா இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள எழுத்துல சொல்லணும், இல்லன்னா செல்லாது. வண்டி எடுக்கும்போது நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க. ஏற்கெனவே இருக்கற கீறலையெல்லாம் ஃபார்ம்ல இருக்கற அந்த வண்டிப் படத்துல குறிக்கச் சொல்லுங்க. அவங்க குறிக்கற வரைக்கும் சாவிய வாங்காதீங்க. உங்க வீட்டுக்காரர் அங்க வண்டி முன்னாடி நின்னு தன்னத்தானே படம் எடுத்துக்கிட்டிருக்காரு பாருங்க. அவரு மூஞ்சி நமக்கு எதுக்கு? பம்பர எடுக்கச் சொல்லுங்க.

எனக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்னா, ரெண்டு வாரம் உக்காந்து படிச்சேன்க்கா. வீடியோ பாத்தேன், தீவுல வண்டி எடுத்து ஏமாந்தவங்க எழுதினதெல்லாம் படிச்சேன், அட்டவணை போட்டேன். சட்டம் படிக்கறேன், ரெண்டாவது வருஷம். எங்க பல்கலைக்கழகத்துல பேச்சுப் போட்டின்னா என்னைத்தான் அனுப்புவாங்க. எங்கப்பா எனக்கு வெச்சிருக்கற பேரு எதிர்க்கட்சி. காலையில காபி ஆறிப்போச்சுன்னு அவரு சொன்னாக்கூட, எந்த அடிப்படையில சொல்றீங்கன்னு கேப்பேன். என்னை ஏமாத்த முடியாதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் இந்தக் கவுண்டருக்கே வந்தேன்.

இருங்க, இது என்ன? ஓட்டுநர் பேருன்னு உங்க வீட்டுக்காரர் பேரு. சரி. கீழ ரெண்டாவது ஓட்டுநர்னு ஒரு கட்டம் இருக்கே, அது ஏன்க்கா காலியா இருக்கு? உங்களுக்கு லைசென்ஸ் இருக்கா? இருக்கு. ஓட்டத் தெரியுமா? தெரியும். பின்ன? அவரு இருக்கறப்ப நான் எதுக்குன்னு. அதானே? எனக்குத் தெரியும், அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடமாத் தெரியும். நல்லாயிருக்கு நியாயம். ஃபார்ம் முழுக்க உங்க கையெழுத்து, அவரோட பிறந்த தேதி, லைசென்ஸ் நம்பர், ஃபோன் நம்பர் எல்லாம் பாக்காம எழுதுறீங்க, உங்க பேருக்கு மட்டும் எடம் இல்ல!

கோவிச்சுக்காதீங்க. உங்க மேல கோவம் இல்ல. இருக்கு, கொஞ்சம் இருக்கு. ஆனா அது உங்களால வந்தது இல்ல. கேளுங்க.

நேத்து என்ன ஆச்சுன்னா, தீவோட அந்தப் பக்கம், மலை ஏறி எறங்கினா ஒரு பாறைக் கடற்கரை இருக்கு. கூட்டமே இருக்காது. அங்க போயிருந்தோம். அப்பா ஒரு மரத்தடியில வண்டிய நிறுத்திட்டு, நிழல் நல்லாயிருக்குன்னு கிளைய வளைச்சாரு. மேல குளவிக் கூடு. அவரு பாக்கல. ஏழெட்டு எடத்துல கொட்டிடுச்சு, கழுத்து, காது, உதடு. மொதல்ல சிரிச்சாரு. அடுத்த பத்து நிமிஷத்துல உதடு வீங்கிடுச்சு, கண்ணு மூடிக்கிச்சு, மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். ஃபோன எடுத்தா சிக்னல் ஒரு கோடு கூட இல்ல. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. கிளினிக் மலைக்கு இந்தப் பக்கம், இருபத்திரெண்டு கிலோமீட்டர்.

எனக்கா? எனக்கு லைசென்ஸ் இல்ல. ரெண்டு தடவை டெஸ்ட்டுக்குப் போனேன், ரெண்டு தடவையும் தேர்வு பண்றவரோட சண்டை. மொத தடவை சிக்னல் போடாம திரும்பினேன்னாரு, போட்டேன்னேன். ரெண்டாவது தடவை அவரு பேசவே விடல, எறக்கி விட்டுட்டாரு. இருந்திருந்தாலும் இங்க செல்லாது, இருபத்திமூணு வயசு ஆகணும், ஏழாவது பக்கம்.

அதனால நான் நடுரோட்டுல நின்னு யாராவது வாங்கன்னு கத்திக்கிட்டிருந்தேன். யாரும் இல்லாத ரோட்டுல. திரும்பிப் பாத்தா அம்மா அப்பாவோட சட்டைப் பையிலேருந்து சாவிய எடுத்துட்டா. அவரப் பின் சீட்டுல சாய்ச்சாச்சு. செருப்பக் கழட்டி ஓரமா விட்டுட்டு வெறுங்காலோட ஏறி, சீட்ட முன்னாடி இழுத்து, கண்ணாடியச் சரி பண்ணிட்டு, ஏறுன்னா. அவ்வளவுதான் சொன்னா. ஏறு, அவரு தலைய நிமித்திப் பிடி.

எங்கம்மா வண்டி ஓட்டி நான் என் வாழ்க்கையில பாத்ததில்லக்கா. இருபது வருஷத்துல ஒரு தடவை கூட இல்ல. லைசென்ஸ் இருக்குன்னு தெரியும். நான் பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு மருந்துக் கம்பெனியில வேலை பாத்தாளாம், மருந்துப் பெட்டிய ஏத்திக்கிட்டு மலை ஊருக்கெல்லாம் தனியா ஓட்டிட்டுப் போவாளாம். எப்பவோ சொன்னா, நான் சரியாக் கேக்கல. அப்புறம் நான் பொறந்து, வேலைய விட்டு, அப்பா பெரிய வண்டி வாங்கி, இது உனக்குச் சரிப்படாதுன்னு அவரு சொல்லி, அப்படியே போயிடுச்சு. ஆனா லைசென்ஸ் முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே போய் வரிசையில நின்னு புதுப்பிச்சுட்டு வந்துடுவா. நான் கிண்டல் பண்ணுவேன், எதுக்கும்மா, அலமாரியில வெச்சுப் பொட்டு வைக்கப் போறியான்னு.

அந்த ரோட்ட நீங்க பாக்கணும். ஊசி வளைவுக்கு மேல ஊசி வளைவு. மொத ரெண்டு வளைவுல கியர் கடகடன்னுச்சு. மூணாவதுல அந்தச் சத்தம் போச்சு. அதுக்கப்புறம் அவ கையும் காலும் என்ன பண்ணுதுன்னு எனக்குப் பாக்கவே பயமா இருந்துச்சு, அவ்வளவு சரியா பண்ணுது. ஹாரன் அடிக்க வேண்டிய எடத்துல அடிக்கறா, எறக்கத்துல பிரேக்க மிதிக்காம கியர்ல பிடிக்கறா. கடைசிக்கு முந்தின வளைவுல செங்கல் லாரி ஒண்ணு நடு ரோட்டுல வந்துச்சு. அவ இடது பக்கம் ஒடிச்சா. பாறை. முன் கதவுலேருந்து பின் சக்கரம் வரைக்கும் ஒரே இழுப்பு. அந்தச் சத்தம் இன்னும் என் பல்லுக்குள்ள இருக்கு. பக்கக் கண்ணாடி ஒடஞ்சு வயர்ல தொங்கிக்கிட்டு கதவுல டம்மு டம்முன்னு அடிக்குது. நான், நிறுத்தும்மா, நிறுத்து, வண்டிக்கு அடிபட்டுடுச்சுன்னு கத்தறேன். அம்மா திரும்பிக்கூடப் பாக்கல. வாய மூடுன்னா. என்னை! என்னை இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்ல. சொன்னவங்க பொழச்சதில்ல. நான் மூடினேன்.

பொழச்சுட்டாரு. நல்லாயிருக்காரு. இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தா தொண்டை முழுசா அடைச்சிருக்கும்னாரு டாக்டர். இன்னிக்கு முழுக்கக் கிளினிக்லதான் இருக்கணும். கண்ணத் திறந்ததும் மொதக் கேள்வி என்ன தெரியுமா? வண்டிக்கு என்ன ஆச்சு? உதடு பலூன் மாதிரி இருக்கு, அதுக்குள்ளேருந்து, வண்டிக்கு என்ன ஆச்சு. ரெண்டாவதா சொல்றாரு, நான்தான் ஓட்டினேன்னு எழுதிக் குடுத்துடலாம், உங்கம்மா பேரு ஃபார்ம்ல இல்ல. நான் விட்டேனே ஒரு பிரசங்கம்! பொய் எழுதிக் குடுத்துக் கிடைக்கற காசு நமக்கு வேணாம்ப்பா, அதுவும் உங்கள மூச்சில்லாமத் தூக்கிட்டு வந்தாங்கன்னு கிளினிக் ரெஜிஸ்டர்ல நேரம் போட்டு எழுதியிருக்கு, அம்மா ஓட்டினாங்கன்னு தலை நிமிந்து சொல்வோம்னேன். நர்சு கூட நின்னு கேட்டாங்க.

பேரு ஃபார்ம்ல இல்லன்னா என்னவா? அதான்க்கா விஷயமே. இந்தப் பதினோரு பக்கத்துல மத்ததெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். பேரு எழுதாதவங்க ஸ்டியரிங்கத் தொட்டா இன்ஷூரன்ஸ் மொத்தமும் காலி. கொஞ்சம் குறையறது இல்ல, மொத்தமா. தப்பு யாரு மேலன்னு கூடப் பாக்க மாட்டாங்க. கதவு, கண்ணாடி, பின் பக்கம், அப்புறம் வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்கற ஒவ்வொரு நாளைக்கும் வாடகை, எல்லாம் நம்மது. என்னோட ரெண்டு வருஷ ஃபீஸ் வந்துடும். அதோட ஒரு பேப்பர் வேற நீட்டறாங்க. அங்கீகாரம் இல்லாத நபர் வாகனத்தை ஓட்டினார்னு. ஒரு உயிரக் காப்பாத்தினவளுக்கு இவங்க வெச்சிருக்கற பேரு அது. அங்கீகாரம் இல்லாத நபர்! அப்பதான் நான் மேஜையத் தட்டினது.

இல்ல, உயிருக்கு ஆபத்துன்னு சொல்லிப் பாத்தாச்சு. மேனேஜர் நல்ல விதமாத்தான் பேசறாரு, அதான் இன்னும் எரிச்சல். எனக்குப் புரியுதும்மா, ஆனா விதியில எடம் இல்லம்மா. இப்படிப் பேசறவங்களோட சண்டை போடறது தலகாணியக் குத்தற மாதிரி.

ஆனா ஒரு எடம் இருக்கு. நான் கண்டுபிடிச்சேன். அம்மா பேரு ஃபார்ம்ல இல்லாம இல்ல. இருக்கு. பாதி இருக்கு. அந்தக் கட்டத்துல மூணு எழுத்து எழுதி, அதுக்கு மேல ஒரு கோடு அடிச்சிருக்கு. இவங்களோட விதிப்படி, ஃபார்ம்ல எதையாவது அடிச்சா, அடிச்ச எடத்துக்குப் பக்கத்துல வாடகைக்கு எடுக்கறவங்க சின்னதா ஒரு கையெழுத்துப் போடணும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல கையெழுத்து இல்ல. அப்ப எங்க சம்மதம் இல்லாம அடிச்சிருக்கு, தப்பு கம்பெனி மேல. தப்பு கம்பெனி மேலன்னா செலவும் கம்பெனியோடது. கோட்டப் பாத்து யாரோடதுன்னு சொல்ல முடியுமா? கோட்டுக்கு ஏது கையெழுத்து? இத நான் சொன்னதும் மேனேஜர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. அங்கதான் ஆள் ஆடிப் போயிட்டாரு.

அப்புறம் என்ன, அன்னிக்கு எங்களுக்கு வண்டி குடுத்தப்ப கவுண்டர்ல இருந்த அம்மாவக் கூப்பிட்டுக் கேட்டாங்க. அவங்க, நான் அடிக்கல சார், வாடிக்கையாளர் தரப்புலதான் அடிச்சாங்கன்னாங்க. நான், எங்க ஆதாரம்னேன். கையெழுத்து ஏன் வாங்கலன்னு மேனேஜர் கேட்டாரு. அவங்க என்னைப் பாத்தாங்க, அவ்வளவுதான். கழுத்துல மாட்டியிருந்த அடையாள அட்டையக் கழட்டி மேஜையில வைக்கச் சொல்லிட்டாரு மேனேஜர். அதோ, தண்ணி கேன் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருக்காங்களே, அவங்கதான். ஒன்பது வருஷமா இங்க இருக்காங்களாம்.

மொகத்த அப்படிப் பாக்காதீங்க, நானா அனுப்பினேன்? கம்பெனி செலவு பண்ணும், இல்ல அவங்க மேல போடும், அது அவங்க உள் விவகாரம். தொழிலாளியப் பலி குடுக்கறது முதலாளியோட புத்தி, அதுக்கு நான் என்ன பண்றது?

இப்ப அம்மாகிட்ட எழுதி வாங்கறாங்க. பேர அடிச்சப்ப கவுண்டர்கிட்ட இருந்தவங்கள்ல இப்ப இங்க இருக்கறது மூணே பேரு. அந்த அம்மா, நான், எங்கம்மா. அந்த அம்மா ஒண்ணு சொல்றாங்க, நான் ஒண்ணு சொல்றேன். மிச்சம் அம்மாதான். அவ என்ன எழுதறாளோ அதுதான் முடிவு.

அப்பாவா? அப்பா மொதல்லயே கையெழுத்தப் போட்டுட்டு வண்டியப் பாக்கப் போயிட்டாரு. மிச்சத்த எதிர்க்கட்சி பாத்துக்கும்னு சொல்லிட்டுப் போனாரு.

என்னது? உங்க ஃபார்மக் குடுத்தது அவங்கதானா? காலையிலயா? ஆமால்ல, நாங்க வர்றதுக்கு முன்னாடி அவங்கதானே இருந்திருப்பாங்க. ஏதாவது சொன்னாங்களா? இந்தக் கட்டத்தச் சுத்தி பென்சில்ல ஒரு வட்டம் இருக்கே, இது நீங்க போட்டதா? அவங்க போட்டதா? உங்க பேர எழுதுங்கன்னு சொன்னாங்களா? கணவன் மனைவின்னா காசு கிடையாது, சும்மா பேர மட்டும் எழுதுங்க, தீவு ரோடு, யாருக்கு எப்ப என்ன ஆகும்னு தெரியாதுன்னு. அப்படியேவா சொன்னாங்க? மூணு தடவையா?

மேல இந்தத் தேதியத் திருத்தியிருக்கீங்க. பக்கத்துல சின்னக் கையெழுத்து. இதுவும் அவங்க கேட்டு வாங்கினதா? ஒரு தேதி தப்பாப் போனதுக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினாங்களா?

இல்லக்கா, ஒண்ணும் இல்ல. தண்ணி வேணாம். தண்ணி அவங்க பக்கத்துலதான் இருக்கு.

ரொம்பக் கவனமானவங்கதான். எங்ககிட்டயும் அப்படித்தான் இருந்தாங்க. நாப்பது நிமிஷம் நான் அந்தக் கவுண்டர்ல நின்னு பேசினேன். கண்ணாடிக்குத் தனியா வேணுமான்னாங்க, வேணாம்னேன், ஏன் வேணாம்னு அஞ்சு காரணம் சொன்னேன். டயருக்கு? வேணாம். அடிப்பாகத்துக்கு? நாங்க என்ன காட்டுலயா ஓட்டப் போறோம்னேன். வரிசையில பின்னாடி நின்னவங்கல்லாம் சிரிக்கறாங்க, எனக்கு மேடையில நிக்கற மாதிரி இருக்கு. அட்டவணையில ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே வர்றேன். அவங்க ஒரு தடவை கூட மொகம் சுளிக்கல. கடைசியா இந்தக் கட்டத்த, இதே மாதிரி பென்சில்ல வட்டம் போட்டு, இது விக்கறதுக்கு இல்ல மேடம், இது இலவசம், அம்மா பேர மட்டும் எழுதிடுங்கன்னாங்க. இலவசம்னு சொன்னதும் எனக்கு இன்னும் சந்தேகம். இலவசமா ஒருத்தன் எதுக்குக் குடுப்பான்? இதுல ஏதோ கொக்கி இருக்குன்னு நான் ஒன்பதாவது பக்கத்தத் தேடிக்கிட்டிருக்கேன். அதுக்குள்ள அம்மா கைப்பையத் திறந்து லைசென்ஸ எடுத்து கவுண்டர் மேல வெச்சுட்டா. யாரும் கேக்காமயே. பேனாவ எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டா. நான் பக்கத்துலேருந்து தலைய நிமித்திப் பாக்கறதுக்குள்ள மூணு எழுத்து எழுதிட்டா.

போன மாசம் மேடையில பேசினேன்க்கா. பெண் கையில சாவி இருக்கணும்னு. தலைப்பே அதான். கப்பு குடுத்தாங்க. அம்மா மொத வரிசையில உக்காந்து, எல்லாரும் நிறுத்தின பிறகும் கை தட்டிக்கிட்டிருந்தா.

அம்மாவா? அம்மா எங்க ஓட்டப் போறான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டது எங்கப்பான்னு நெனைக்கறீங்க, இல்ல? நெனைங்க, நல்லாத்தான் இருக்கும். அவரு அப்ப வெளிய டிக்கியில பெட்டி ஏத்திக்கிட்டிருந்தாரு.

வரிசையில எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாவும் சிரிச்சா. அந்த லைசென்ஸ எடுத்துப் பையில வெச்சு ஜிப்ப மூடிக் குடுத்ததும்கூட அவ இல்ல. கவுண்டர்ல இருந்தவங்க மட்டும் சிரிக்கல. மேடம், அடிச்ச எடத்துல ஒரு சின்னக் கையெழுத்து, அப்பாவக் கூப்பிடுங்கன்னு எந்திரிச்சு நின்னாங்க. ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு சார்ஜுன்னு கேட்டாச்சு. இன்னொரு சிரிப்பு. சாவிய எடுத்துக்கிட்டு வெளிய வந்தாச்சு. பின்னாடியே கதவு வரைக்கும் வந்தாங்க அவங்க, ஃபார்மக் கையில பிடிச்சுக்கிட்டு. வரிசையில பத்துப் பேரு நின்னாங்களா, திரும்பிப் போயிட்டாங்க.

இன்னிக்குக் காலையில ரூம்ல அம்மாகிட்ட சொன்னேன். யாரு அடிச்சாங்கன்னு கேட்டா, கவனிக்கலன்னு சொல்லிடும்மா, அது பொய் கூட இல்லன்னு. அவ அப்பாவோட சட்டைய மடிச்சுக்கிட்டே, அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுமான்னு கேட்டா. நான் சட்டம் பேசினேன். அவ மடிச்ச சட்டையப் பிரிச்சு மறுபடியும் மடிச்சா.

என்ன சொல்வாளா? எனக்கு எப்படித் தெரியும்? நேத்து வரைக்கும் கேட்டிருந்தா, நான் சொன்னதைத்தான் சொல்வான்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன். பாருங்க, பேப்பர அவ பக்கம் நகத்திட்டாரு. அவ பேனா வாங்கல இன்னும். கைப்பையோட வாரப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. யோசிக்கறா. எனக்காகப் பொய் சொல்லலாமா வேணாமான்னு ஒருத்தி உக்காந்து யோசிக்கறா, நான் இங்க உங்களுக்கு டயரப் பத்திப் பாடம் எடுத்துக்கிட்டிருக்கேன்.

தள்ளுங்க்கா, கொஞ்சம் காலத் தள்ளுங்க. உள்ளதான் போறேன். வெளிய இருன்னு சொன்னா சொல்லட்டும். உங்க பேர எழுதிட்டீங்களா? முழுசா எழுதுங்க, லைசென்ஸ்ல இருக்கற மாதிரியே. என் பைய இங்கயே வெச்சுட்டுப் போறேன், கொஞ்சம் பாத்துக்கோங்க. கோடு போட்டது நான்தான்னு ஒரு வரி எழுதணும், அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம்கூட ஆகாது.